கெலா குஞ்சு பொரிப்பகம்: கேளுங்கள், சொல்கிறேன்

உலு லங்காட் பக்கத்து ஓடைகளுக்கு, மலை ஆற்று நன்னீர் மீனான கெலாவைத் திரும்பக் கொண்டுவர, கோலாலம்பூர் தன்னார்வலர்கள் சிறு பொரிப்பகம் ஒன்றை நடத்துகிறார்கள். முட்டைத் தட்டுகளைக் கவனிக்கும் அண்ணனிடம் வந்த கேள்விகள் இவை, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு.

செந்தூல்: அண்ணே, பைப் தண்ணீரையே தொட்டியில் விடலாமா?

நேராக விடாதீங்க, குளோரின் செவுளை அரித்துவிடும். 1,000 லிட்டரில் குளோரின் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால் குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட் 14 கிராம் கரைத்து விடுங்க. பிறகு கிட் வைத்துச் சோதித்து, குளோரின் இல்லை என்று தெரிந்தால் மட்டும் மீனை இறக்கணும். தண்ணீர் 25 டிகிரி வாக்கில் இருக்கட்டும். மதிய வெயிலில் தகரக் கொட்டகை சூடேறினால் தொட்டித் தண்ணீரும் ஏறிவிடும், நிழல்வலை போடுங்க.

செராஸ்: முட்டை எல்லாம் வெள்ளையாகி, பஞ்சு பூத்த மாதிரி ஆயிடுச்சு. ஏன்?

எப்போது வெளுத்தது என்று பாருங்க. முதல் நாளிலேயே மொத்தமாக வெளுத்தால் கருக்கூடலே நடக்கவில்லை. பல நேரம் காரணம் ஈரம்தான். தண்ணீர் பட்டவுடன் விந்தணு ஓடத் தொடங்கும், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். விந்தணு நுழையும் முட்டையின் துளையும் மூடிக்கொள்ளும். அதனால் தாய் மீனின் வயிற்றையும் வாலையும் துண்டால் துடைத்து, காய்ந்த கிண்ணத்தில் முட்டையைப் பிழியுங்க. இறகால் விந்தோடு கலந்த பிறகுதான் தண்ணீர். முட்டை பொன் மஞ்சளாக, லேசாக அழுத்தியதும் வழுக்கி வரணும். வம்படியாக அழுத்தினால் வருவது பழுக்காத சினை.

இரண்டாம் நாள் ஒரு மூலையில் தொடங்கிப் பரவினால் அது பூஞ்சை. செத்த முட்டையில் முளைத்து உயிருள்ளதையும் பின்னிக்கொள்ளும். முட்டைகளை ஒரே அடுக்காகப் பரப்பி, வெளுத்ததைத் தினமும் பிப்பெட்டால் எடுத்துவிடணும். மாலகைட் கிரீன் பக்கம் போகாதீங்க, உணவு மீனுக்குத் தடை செய்யப்பட்டது. நல்ல முட்டை 3, 4 நாளில் பொரிக்கும்.

காஜாங்: மூன்று ஆண் மீன்களின் விந்தை ஒன்றாகக் கலந்து ஊற்றலாமா அண்ணே?

வேண்டாம் தம்பி. கலந்தால் வேகமான ஒன்றின் விந்தே பெரும்பாலான முட்டைகளைப் பிடித்துக்கொள்ளும், மற்ற இரண்டும் பெயருக்குத்தான். ஒரு பெண் மீனின் முட்டையை மூன்று கிண்ணமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண். ஒரே ஜோடியின் ஆயிரம் குஞ்சுகளைவிடப் பல ஜோடிகளின் இருநூறு ஆற்றுக்கு நல்லது. எண்ணிக்கையைக் காட்டிப் படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடணும்.

கிள்ளான்: அலங்கார மீன் கடையில் கெலா விற்கிறார்கள். வாங்கி ஆற்றில் விடலாமா?

கூடவே கூடாது. எந்த ஆற்றுப் பரம்பரை என்று தெரியாது, நோயும் கூடவே வரும். கெலா என்ற ஒரே பெயரில் பல இனங்கள் உண்டு. கீழ் உதட்டின் நடுமடலைப் பாருங்க. வாய் ஓரங்களை இணைக்கும் கோடு வரை நீண்டிருந்தால் தோர் தம்ப்ரோய்டெஸ், குட்டையாக இருந்தால் தோர் தம்ப்ரா. தாய் மீன் அதே ஆற்றுப் படுகையிலிருந்து, மீன்வளத் துறையின் அனுமதியோடு வரணும். கோல குபு பாரு பக்கத்து சுங்கை சிலிங் மீன் காப்பகத்தில் கெலா எப்படி வாழ்கிறது என்று போய்ப் பாருங்க, பிடிக்க மட்டும் கூடாது.

பத்துமலை: பொரித்த குஞ்சுக்கு முதல் தீனி என்ன?

பொரித்ததும் மூலையில் குவிந்து கிடக்கும், பயப்படாதீங்க. மஞ்சள்கருப் பை முழுதாகத் தீருமுன், நீந்தத் தொடங்கும்போது ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சைக் கொடுங்க. ஆர்டீமியா முட்டையைப் பொரிக்க லிட்டருக்கு 25 கிராம் உப்பு, 28 டிகிரி, நல்ல காற்றோட்டம், 24 மணி நேரம். காற்றை நிறுத்தினால் முட்டை ஓடு மிதக்கும், ஆரஞ்சு நிற ஆர்டீமியா குஞ்சு அடியில் சேரும். அதை மட்டும் உறிஞ்சுங்க. ஓடு வயிற்றுக்குள் போனால் மீன் குஞ்சின் குடல் அடைக்கும்.

ரவாங்: மின்சாரம் போனால்?

பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கட்டாயம். மாலை இடி மழையில் அதுதான் காப்பாற்றும்.

அம்பாங்: ஆற்றில் எப்போது விடலாம்?

விரல் நீளம் வந்த பிறகு. முந்தின நாள் தீனி நிறுத்துங்க. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்ஸிஜன். ஆற்றில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, ஆற்று நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் திறங்க. ஒரே குட்டையில் கொட்டாமல் நாலைந்து ஆழமில்லாத இடத்தில் பிரித்து விடுங்க. கிழக்கே மலையில் மேகம் கறுத்தாலோ, தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ உடனே கரையேறுங்க. அது கெப்பாலா ஆயர், அதாவது மலையிலிருந்து திடீரென்று பாயும் வெள்ளம், வருவதன் அறிகுறி. மீனை இன்னொரு நாள் விட்டுக்கொள்ளலாம்.