பைத்தான் 2-ல் எழுதிய தேயிலை எடை புரோகிராம் பைத்தான் 3-ல் ஏன் ஓடவில்லை?

கோத்தகிரி பச்சைத் தேயிலை கொள்முதல் மையத்துக்கு எழுதிய பழைய புரோகிராம், புதுக் கம்ப்யூட்டரில் 'டிகேஇன்டர் மாட்யூல் இல்லை' என்று நிற்கிறது என்கிறீர்கள். டிகேஇன்டர் என்பது திரையில் ஜன்னல், பட்டன் காட்டும் பைத்தான் பகுதி. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தபோது அதன் பெயரின் ஆங்கிலப் பெரிய 'டி' சின்ன 'டி' ஆகிவிட்டது. தனித்தனியாக இருந்த மெசேஜ்பாக்ஸ், ஃபைல்டயலாக் இரண்டும் அதற்குள்ளேயே போய்விட்டன. இவற்றை அழைக்கும் இம்போர்ட் வரிகளைத் திருத்துங்கள். உபுண்டு என்றால் டிகேஇன்டரைத் தனியாக இன்ஸ்டால் செய்யவும் வேண்டியிருக்கும். பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி விட்டுப்போனால் பைத்தானே வரி எண்ணோடு காட்டிவிடும், அது பெரிய விஷயமில்லை.

எனக்குப் பயம் வகுத்தல் குறியான சாய்கோட்டில் (/) தான். 47 கிலோ இலையை இரண்டு பேருக்குப் பிரித்தால் பழையதில் 23, புதியதில் 23.5. எந்தப் பிழைச்செய்தியும் வராது, கூலிக் கணக்கு மட்டும் சத்தமில்லாமல் மாறும். பழையபடி முழு எண்ணே வேண்டுமென்றால் சாய்கோட்டை இரண்டு முறை (//) போடுங்கள். ஆனால் அரை கிலோவை விழுங்கிய பழைய கணக்குதான் தப்பு என்பேன்.