ராட்வீலர் குட்டி வாங்கப் போகிறோம். இந்த வகைக்குப் பொதுவாக என்னென்ன உடல்நலப் பிரச்சினைகள் வரும்?

முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, எல்லாரும் அப்படித்தான். நான் கால்நடை மருத்துவன் இல்லை; ஆறு வயது ராட்வீலரான கருப்பனை வளர்ப்பவன், அவ்வளவுதான்.

இந்த வகைக்கு முதல் தொல்லை இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் தலை குழிக்குள் சரியாக உட்காராமல் தளர்ந்து ஆடும், போகப்போகத் தேய்ந்து மூட்டுவாதமாகும். ஆள் பயில்வான் மாதிரி இருப்பதால் வெளியே தெரியாது. கருப்பன் ஒரு வயதுக்கு முன்பே படியேறும்போது இரண்டு பின்னங்காலையும் சேர்த்து வைத்துத் தாவுவான். "என்ன துள்ளல் பாருங்க" என்று பார்த்தவர்கள் ரசித்தார்கள். என் மனைவிதான் கண்டுபிடித்தாள்: படுத்து எழும்போது முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு எழுகிறான் என்று.

முதலில் போன கிளினிக்கில் தொட்டுக்கூடப் பார்க்காமல் கால்சியம் சிரப் எழுதினார்கள். அவள் ஒரு சொட்டு ஊற்ற விடவில்லை. சரியான தீனி தின்னும் பெரிய வகைக் குட்டிக்கு மேற்கொண்டு கால்சியம் ஏற்றினால் எலும்பு வளர்ச்சிதான் கெடும். வேறொரு டாக்டர் மயக்க ஊசி போட்டு, மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால்களை நீட்டிப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தார். வலப்பக்கக் குழி ஆழமே இல்லை.

இது பெரும்பாலும் பரம்பரை. அதனால் தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். விற்பவர் கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப்) சான்றிதழை நீட்டுவார், அது வம்சாவளிக்குத்தான், மூட்டுக்கு இல்லை. அப்புறம் எடை ஏறக் கூடாது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். "எங்க ராட்டி சோறும் சிக்கனும் தின்னே பத்து வயசு இருந்துச்சு" என்று கீழே யாராவது எழுதுவார்கள். இருந்திருக்கும், சந்தோஷம்.

மற்றவை: குட்டியில் பார்வோ என்ற வைரஸ் நோய் இந்த வகையை மோசமாகத் தாக்கும், தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள். வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வரவில்லை என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். காலையில் பார்க்கலாம் என்று இருந்தால் நாய் இருக்காது. வயதானால் எலும்புப் புற்று வரலாம், விடாத நொண்டலைச் சுளுக்கு என்று விடாதீர்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் வேறு.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். அடுக்குமாடி சங்கத்தைத்தான் சமாளிக்க முடியாது. 2024 மார்ச்சில் 23 வகை நாய்களுக்குத் தடை கேட்டு மத்திய அரசு சுற்றறிக்கை விட்டதும், எங்கள் வாட்ஸாப் குழுவில் அதைப் போட்டு கருப்பனுக்கு லிஃப்ட் கிடையாது என்றார்கள். அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்த செய்தியை நான் போட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. லிஃப்ட்டைத் தடுக்கக் கூடாது என்று விலங்கு நல வாரியமே சொல்கிறது. குழந்தைகளைக் கடித்த செய்திகளை நானும் படிக்கிறேன், பயப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. வாய்மூடி போட்டுத்தான் கூட்டிப் போகிறேன். ஆனால் மூட்டு தேய்ந்தவன் மூன்று மாடி இறங்குகிறான், செயலாளர் வீட்டு பொமரேனியன் லிஃப்ட்டில் போகிறது. இதுவரை இரண்டு பேரைக் கடித்தது அதுதான்.