வன்னியில் வீடற்றவர்களை ஊர் எப்படிப் பார்க்கிறது? அவர்களுக்கு எது உதவும்?

சந்திகளிலும் பஸ் நிலையங்களிலும் படுத்துறங்கும் வீடற்றவர்களைப் பற்றி உங்கள் பகுதி மக்கள் என்ன நினைக்கிறார்கள், அவர்களுக்கு எப்படி உதவலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இலங்கையின் வடக்கே, வன்னியிலுள்ள கிளிநொச்சி மாவட்டத்தில் வசிப்பவன். கிராம அபிவிருத்திச் சங்க வேலைகளில் நீண்ட காலமாக இருப்பவன். எனவே எனக்குத் தெரிந்த வன்னியை வைத்தே பதில் எழுதுகிறேன். எங்கள் ஊர்களில் வீடற்ற ஒருவருக்கு ஒரு நேரச் சோறு கொடுக்க எப்போதும் ஆள் இருக்கிறது. அவரைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போய்வர ஆள் இல்லை. அவர் வருடக்கணக்காகத் தெருவிலேயே இருந்துவிடுவதற்கு இந்த இரண்டாவது குறையே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

வன்னியில் வீடிழக்காத குடும்பத்தைக் காண்பது அரிது. 2008 ஆம் ஆண்டு முழுவதும் மன்னார்ப் பக்கத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் கிழக்கு நோக்கி நகர்ந்த மக்கள், கூரைத் தகரத்தையும் கதவு நிலைகளையும்கூடக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது அவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளத்து மெனிக் பாமிலும் வேறு முகாம்களிலும் தறப்பாளின் கீழ் வாழ்ந்தார்கள். 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறிய கேப்பாப்பிலவு மக்கள், இராணுவம் காணிகளைப் பிடித்திருந்ததால் சொந்த ஊருக்குப் போக முடியாமல் சீனியாமோட்டையில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்கள் 2017 மார்ச்சில் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தில் அமர்ந்து, அந்த வருட இறுதியில் 133 ஏக்கரை மீட்டார்கள். ஆகவே வீடில்லாமல் இருப்பது என்னவென்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை.

அப்படிப்பட்ட ஊரில், இன்னும் வீடில்லாமல் இருக்கும் ஒருவர் மீது முழு இரக்கம் இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். இரக்கம் உண்டு. ஆனால் அதனோடு சேர்ந்தே ஒரு கடுமையும் உண்டு. "எல்லாரும்தான் தறப்பாளுக்குள்ள கிடந்தனாங்கள், எழும்பி வரேல்லையோ?" என்ற கேள்வியைச் சங்கக் கூட்டங்களில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எல்லோரும் ஒரே நேரத்தில் விழுந்தபோது அது விதியாகத் தெரிந்தது; பெரும்பாலானோர் எழுந்துவிட்ட பிறகு, எழாமல் இருப்பவரின் நிலை அவருடைய சொந்தக் குற்றமாகத் தெரிகிறது. குடிகாரன் என்பார்கள், பிள்ளைகளோடு ஒத்துப்போகாதவர் என்பார்கள். அறிமுகமில்லாத முகமாக இருந்தால், எங்கள் மண்ணுக்கே உரிய பழைய பயம் ஒன்றும் எழும்: தகவல் கொடுக்க வந்திருக்கும் ஆளாக இருப்பாரோ என்று சந்தேகிப்பார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு இங்கே காரணங்கள் இருந்தன. ஆனால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் மனநோயோடு அலையும் ஒருவர் மீதோ, வேலை தேடி வந்து கூலி கிடைக்காமல் நின்றுவிட்ட ஒருவர் மீதோதான் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உண்மையில் சந்தியில் படுப்பவர்கள் சிலர்தான். வன்னியில் வீடின்மை பெரும்பாலும் கண்ணுக்குப் படாத வீடின்மை: இன்னொருவர் காணியின் மூலையில் தகரக் கொட்டில், அண்ணன் வீட்டு விறாந்தை, தோட்டக் காவலுக்குக் கொடுத்த குடில், மில்லின் பின்பக்க அறை. இதற்குக் காரணம், வீட்டுத்திட்டங்கள் எல்லாம் காணியையும் குடும்பத்தையும் அடிப்படையாக வைத்து வந்தவை என்பதே. 2012 இல் பெரிய அளவில் ஆரம்பித்த இந்திய வீட்டுத்திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாவைக் கட்டம் கட்டமாகக் கொடுத்தது. வடக்கு, கிழக்கில் பல்லாயிரம் குடும்பங்கள் அதனால் கல்வீடு கண்டன, அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனால் அதற்குக் காணி வேண்டும், உறுதியோ அனுமதிப்பத்திரமோ வேண்டும், தெரிவுப் பட்டியலில் போதிய புள்ளி வேண்டும். குடும்ப அங்கத்தவர் கூடினால் புள்ளி கூடும். தனி ஆள் பட்டியலின் அடியில் நிற்பார். வீடு கிடைத்த எல்லோரும் அதில் நிலைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. மணலும் சீமெந்தும் கூலியும் கொடுபணத்தை விழுங்கியபோது நகையை அடகு வைத்தார்கள், பிறகு நுண்கடன் எடுத்தார்கள். வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் வசூல்காரருக்குப் பயந்து புது வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறிய குடும்பங்களை நான் அறிவேன்.

காணியே இல்லாதவர்களில் கணிசமானோர், 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர். காட்டை வெட்டி வயலாக்கிய கைகள் அவர்களுடையவை. காணியின் பத்திரம் வேறு யாருடைய பெயரிலோ இருக்கிறது. அவர்களை இன்றும் தேயிலைத் தோட்டத்தைச் சொல்லித் தாழ்வாகப் பேசுகிற வழக்கம் எங்களிடையே ஒழியவில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. உதவிப் பட்டியல் தயாராகும்போது அந்தத் தாழ்வான பார்வை சத்தமில்லாமல் வேலை செய்வதையும் கண்டிருக்கிறேன்.

பெண்களின் நிலை இன்னும் மறைவானது. வீடற்ற ஒரு பெண்ணை நீங்கள் பஸ் நிலையத்தில் பார்க்கமாட்டீர்கள். அவர் ஏதோ ஒரு உறவினர் வீட்டின் குசினிக்குள் பாய் விரித்துப் படுப்பார். விடிய எழும்பி முற்றம் கூட்டுவார், பிள்ளை பார்ப்பார், கொடுப்பதைச் சாப்பிடுவார். கேட்டால் "எங்கட அக்காதான், எங்களோட இருக்கிறா" என்பார்கள். மனக்கசப்பு ஒன்று வந்ததும் ஒரு உடுப்புப் பையோடு அடுத்த உறவினர் வீட்டுக்குப் போவார். போரில் கணவனை இழந்த பெண்கள் நிறைந்த இந்தப் பகுதியில், வீடற்றோர் என்று பேசும்போது இவர்களையும் கணக்கில் எடுக்காவிட்டால் அந்தப் பேச்சே முழுமையாகாது.

எங்கள் பக்கத்துச் சந்தி ஒன்றில் பலசரக்குக் கடை விறாந்தையில் படுத்து வந்த ஒரு ஐயாவைப் பற்றிச் சொல்கிறேன். கடை திறக்க முன்னரே எழும்பி, படுத்த உரப்பையை மடித்துக் கூரைச் சிலாகைக்குள் செருகிவிட்டு, கடை முன்பக்கத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்துவிடுவார். அந்தக் கடைக்காரர் அவரைத் துரத்தாமல் இருந்ததற்கு அந்தக் கூட்டுமாறும் ஒரு காரணம். மனைவியையும் மகளையும் 2009 இல் இழந்தவர். முகாமிலிருந்து வந்தபின் தங்கை வீட்டில் இருந்தார். தங்கையின் மகளுக்குக் கலியாணமானபோது, எங்கள் வழக்கப்படி அந்த வீடு சீதனமாகப் போயிற்று. ஒருவரும் அவரைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் ஒருவரும் இல்லாததால் அவரே வெளிக்கிட்டுவிட்டார். நான் ஒருநாள் அவரோடு இருந்து கதைத்தபோது, மடியிலிருந்த பொலித்தீன் பையை விரித்துக் காட்டினார். உள்ளே இருந்தது முகாமில் கொடுத்த பதிவு அட்டை மட்டும்தான். மடிப்புகளில் எழுத்து அழிந்து பெயரின் பாதிதான் தெரிந்தது. "தம்பி, சாப்பாடு ஆரெண்டாலும் தருவினம். கடிதம் ஒருத்தரும் தரமாட்டினம்" என்றார்.

அவர் சொன்ன கடிதம் எது என்பதை, இந்தச் சுழலுக்குள் போகாதவர்கள் அறியமாட்டார்கள். முதியோர் கொடுப்பனவுக்கும், வறிய குடும்பங்களுக்காக அரசு 2023 இல் ஆரம்பித்த அஸ்வெசும கொடுப்பனவுக்கும் தேசிய அடையாள அட்டை வேண்டும். அஸ்வெசுமவுக்கு வங்கிக் கணக்கும் வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பதிவேடு கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டும். தொலைந்த அட்டைக்குப் பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதி எடுக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முதற்படியாக, இவர் என் பிரிவில் வசிக்கிறார் என்று கிராம அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும். விலாசம் இல்லாதவர் எந்தப் பிரிவில் வசிக்கிறார் என்று அவர் எழுதுவார்? கிராம அலுவலர்கள் பலர் நல்ல மனம் உள்ளவர்கள், ஆனால் அவர்களுக்குப் பொறுப்புச் சொல்ல ஊரில் யாராவது வேண்டும். தனியே போகும் கிழவர், கிழிந்த சாரத்தோடு வாசலில் நின்றுவிட்டு, அடுத்த கிழமை வாங்கோ என்றதும் திரும்பிவிடுவார், மறுபடி போகமாட்டார். அதே மனிதரோடு சங்கத் தலைவரோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ கூடப் போனால் கதிரை போட்டு இருத்துவார்கள். இது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நியாயம் வரும்வரை கூடப் போவதுதான் வழி. அந்த ஐயாவுக்காக எங்கள் சங்கம் வதிவிடத்துக்குப் பொறுப்பேற்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தது. சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் மீதிப் படிகளைப் பொறுமையாக விளக்கினார். அட்டை கையில் வர மாதங்கள் ஆயின. பஸ் காசும் இரண்டு பேரின் வேலைநாட்களும்தான் எங்களுக்கு ஆன செலவு.

எனவே, உதவ விரும்புபவர்களிடம் நான் முதலில் கேட்பது அவர்களுடைய நேரத்தையே. அந்த மனிதரின் பெயரையும் சொந்த ஊரையும் கேளுங்கள். ஏன் இப்படி ஆனீர்கள் என்று கேட்காதீர்கள், நம்பிக்கை வந்தால் அவரே சொல்லுவார். எந்த ஆவணம் இருக்கிறது, எது இல்லை என்று பாருங்கள். இருப்பவற்றைப் பிரதி எடுத்து ஒரு தொகுதியை உங்கள் வீட்டில் வைத்திருங்கள். தெருவில் இருப்பவரின் ஆவணம் ஒரு மழைக்குத் தாங்காது.

மழையைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐப்பசியில் மாரி தொடங்கினால் மார்கழி வரை கடை விறாந்தையில் படுக்க முடியாது. சாரல் சுவர் வரை அடிக்கும். எங்கள் கிராமங்களில் அநேகமாக எங்கும் ஒரு பொதுநோக்கு மண்டபம் இருக்கிறது. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளம் வான்பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, பாடசாலைகளையும் மண்டபங்களையும் திறந்து, பொது அடுப்பு மூட்டி, எவ்வளவோ குடும்பங்களைப் பராமரித்தோம். அதே மண்டபத்தின் ஒரு மூலையை, மாரி முடியும்வரை இரண்டு மூன்று பேருக்கு இரவில் திறந்துவிட ஏன் முடியாது? கழிவறை பழுதாகும், குடித்துவிட்டு வருவார்கள் என்பார்கள். திறப்பைப் பொறுப்பாக வைத்திருக்க ஒருவரும், குடித்துவிட்டு வந்தால் உள்ளே இடமில்லை என்ற ஒரு விதியும் இருந்தால் இதைச் சமாளிக்கலாம். யாத்திரிகருக்கு மடம் கட்டி, சுமைதாங்கியும் தண்ணீர்ப் பந்தலும் வைத்த சமூகம் நாங்கள். வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பது எங்களுக்குப் புதிய பழக்கம் அல்ல.

புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் பணம் எத்தனையோ வீடுகளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை நாடி, ஏழைகளின் வாசலில் கமராவோடு இறங்கி, அழவைத்துப் படம் பிடித்து, யூரியூப்பில் போடும் பழக்கம் சில வருடங்களாக வளர்ந்துவிட்டது. ஒரு தாய் தன் மகள் பருவமடைந்தும் மறைப்பில்லாத கொட்டிலில் படுக்கிறாள் என்று முகம் தெரியச் சொல்லும் காணொளியை ஊர்ப் பள்ளிக்கூடம் முழுவதும் பார்க்கிறது. அந்தப் பிள்ளை அடுத்த நாள் எப்படி வகுப்புக்குப் போகும்? வெளிநாட்டிலிருந்து இதை வாசிப்பவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: முகத்தைக் காட்டாமல், கணக்கைக் காட்டும் ஊர்ச் சங்கங்களுக்கும் பாடசாலைப் பழைய மாணவர்களுக்கும் கொடுங்கள். பற்றுச்சீட்டைக் கேளுங்கள், கண்ணீரைக் கேட்காதீர்கள்.

மனநோயோடு அலைபவர்கள் விடயத்தில் அவசரப்பட்டுப் பொலிஸை அழைக்க வேண்டாம். தெருவில் இருப்பதையே குற்றம்போல் பார்க்கும் 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் பிரித்தானியர் காலத்திலிருந்து வந்தது. அதன் வழியே நீதிமன்றம் போன ஒருவர் சுகமாகித் திரும்பியதை நான் கண்டதில்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு, அவருக்குப் பழக்கமான ஒருவரோடு கூட்டிச் செல்லலாம். மருந்து தொடங்கிய பின், மாதாமாதம் கிளினிக் திகதியை நினைவூட்ட ஒருவர் வேண்டும். அதுவும் கூடப் போகும் வேலைதான். தொல்லை தீரட்டும் என்று வாகனத்தில் ஏற்றி வேறு நகரத்தில் இறக்கிவிட்டு வருவதை மட்டும் எந்த ஊரும் செய்யக்கூடாது. செய்திருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

"இப்படியெல்லாம் செய்யத் தொடங்கினால் வெளியூர் ஆட்களும் வந்து சேர்ந்துவிடுவார்கள்" என்பது எங்கள் கூட்டங்களில் வழக்கமாக எழும் மறுப்பு. நான் விசாரித்தவரை எங்கள் சந்திகளில் படுப்பவர்கள் அநேகமாக இந்த மாவட்டத்துக்காரர்கள். பெயரைச் சொன்னால் தகப்பனை நினைவுகூரும் ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள்.

அந்த ஐயாவுக்கு இப்போது கொடுப்பனவு வருகிறது, வீடு இன்னும் இல்லை. முதியோர் இல்லத்தைப் பற்றிக் கேட்டோம். தெரிந்த முகங்களை விட்டுப் போக அவர் விரும்பவில்லை, அது அவருடைய உரிமை. தனி ஆட்களுக்கென்று பொதுக் காணியில் இரண்டு மூன்று ஓரறை வீடுகளும் ஒரு பொதுக் கிணறும் கழிவறையும் அமைக்க அனுமதி வேண்டும் என்று பிரதேச செயலகத்துக்குக் கொடுப்பதற்காக எங்கள் சங்கம் கோரிக்கை ஒன்றைத் தயாரித்து வருகிறது. உங்கள் கிராமத்திலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தால், அடுத்த சங்கக் கூட்டத்தில் அவர்களின் பெயர்களைச் சொல்லிக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். அரச காணி கேட்பவர்களை அதிகாரிகள் விசாரிக்கும் காணிக் கச்சேரி எப்போதாவது நடக்கும்போது, காணியற்றோர் பட்டியலில் அந்தப் பெயர்கள் முன்னரே இருக்க வேண்டும்.