புளி போட்டுத் தேய்க்கலாமா?

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில் மிளகுக்கொடி நடக் குழி எடுத்தபோது, முழங்கால் ஆழத்தில் பச்சை பூத்த ஒரு பக்கிள் கிடைத்தது. இங்கிலாந்தில் கிடைத்த 14-ஆம் நூற்றாண்டுச் செம்புக் கலவைப் பக்கிளின் படத்தைக் காட்டி, இதுவும் அதேதான் என்கிறான் மகன். புளி போட்டுத் தேய்த்துப் பார்க்கலாமா?
- ஒரு வாசகி, பண்ணைக்காடு

பதில்: தேய்க்காதீர்கள் அம்மா. தண்ணீரில் அலசக்கூட வேண்டாம்.

எனக்குப் பத்து வயதில், தாண்டிக்குடியில் வாழைக்குக் குழி வெட்டிய இடத்தில் ஒரு செம்புக்காசு கிடைத்தது. புளியும் சாம்பலும் போட்டு நானே தேய்த்தேன். பளபளவென்று வந்தது; எழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. யார் அடித்த காசு என்று இன்றுவரை தெரியாது. ஐம்பது வருஷமாகியும் மனசு ஆறவில்லை.

செம்பில் பூத்த அந்தப் பச்சைக் களிம்பு வெறும் அழுக்கு இல்லை. செதுக்கிய கோடும் முலாம் பூசிய தடமும் அதோடு ஒட்டித்தான் இருக்கும், தேய்த்தால் சேர்ந்தே போய்விடும். இன்னொன்று, செம்பின் உப்பு கிருமிகளை அண்டவிடாது. அதனால் வார் முழுக்க மண்ணில் மக்கிப்போனாலும், பக்கிளை ஒட்டிய தோல் மட்டும் நூற்றாண்டுகள் தாங்குவதுண்டு. பின்பக்கம் கறுப்பாகத் துணுக்கு ஏதும் இருக்கிறதா பாருங்கள். நடுவில் வாரின் துளையில் மாட்டும் முள் இல்லையென்றால் துருக்கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். இரும்பு முள் துருப்பிடித்து உதிர்ந்திருக்கலாம்.

படம் ஒத்துப்போவதை மட்டும் வைத்து வயசு சொல்ல முடியாது. 1845-இலேயே அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டிவிட்டார்கள். மலையேறக் குதிரையும் டோலியும் இருந்த காலம் அது. உங்களுடையது சேணத்துப் பக்கிளாகக்கூட இருக்கலாம். அப்படியானாலும் எனக்கு அது அருமையான பொருள்தான்.

இங்கிலாந்தில், பொதுமக்கள் கண்டெடுப்பதைப் பதிவு செய்ய 1997 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. ஒற்றைப் பக்கிளுக்கும் அளவு, எடை, கிடைத்த இடம் எல்லாம் எழுதி வைக்கிறார்கள். நமக்கு 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மண்ணில் மறைந்திருந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், உத்தேச மதிப்பு, எங்கே, என்றைக்கு. உங்களுக்குத் திண்டுக்கல் கலெக்டர். மனுவின் நகலில், பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

குழியை இன்னும் மூடவில்லை என்றால் ஆழத்தை அளந்து, ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். அப்புறம், ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பக்கிளை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். நம் மலை ஈரம் அதற்கு ஆகாது. வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் உலோகம் அரிக்கிறது என்று அர்த்தம். அதையும் மனுவில் எழுதுங்கள்.

பின்பக்கம் தோல் இருந்ததா என்று எனக்கு ஒரு வரி போடுங்கள்.