எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கு ஏன் சிவப்பு ரிப்பன்? யார் தொடங்கியது?

1991-இல் நியூயார்க்கில் விஷுவல் எய்ட்ஸ் அமைப்பின் கலைஞர்கள் சிலர் உருவாக்கியது. வளைகுடாப் போர்க்காலம் அது. படைவீரர்களுக்காக அமெரிக்காவெங்கும் மரங்களில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தார்கள். அந்த வழக்கம் பரவியது 1979-இல். தெஹ்ரானில் பிணைக்கைதியாக இருந்த தூதரக அதிகாரி புரூஸ் லெய்ங்கனின் மனைவி வீட்டு முற்றத்து ஓக் மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டினார்.

போருக்குப் போனவர்களுக்கு ஊரே ரிப்பன் கட்டுகிறது, எய்ட்ஸில் சாகிறவர்களின் பெயரைச் சொல்லக்கூடக் கூசுகிறது என்ற வேதனைதான் இந்தக் கலைஞர்களைத் தூண்டியது. இரத்தத்தின் நிறம் என்பதால் சிவப்பு. ஒரு துண்டு ரிப்பன், மடித்துக் குத்த ஓர் ஊக்கு; அவ்வளவே. அந்த ஜூனில் டோனி விருது விழாவுக்கு நடிகர் ஜெரமி அயன்ஸ் அதை அணிந்துவர, உலகமே கவனித்தது.

எனக்கு மிகவும் பிடித்தது, அவர்கள் காப்புரிமை வாங்காததும் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளாததும். யாரும் வீட்டிலேயே செய்து குத்திக்கொள்ளலாம்.

மார்பகப் புற்றுநோயின் இளஞ்சிவப்பு ரிப்பன் 1992-இல் வேறு வழியில் வந்தது. புற்றுநோய்த் தடுப்புக்கு அரசு கூடுதல் பணம் ஒதுக்கக் கோரி, சார்லட் ஹேலி என்ற அமெரிக்கப் பெண் பீச் நிற ரிப்பன்களைக் கையால் செய்து பகிர்ந்துவந்தார். செல்ஃப் பத்திரிகையும் எஸ்டீ லாடர் நிறுவனமும் சேர்ந்துகொள்ள அழைத்தபோது, இது வணிகமாகிவிடும் என்று மறுத்தார். அவர்கள் நிறத்தை மாற்றி வெளியிட்டார்கள். ஹேலியின் கோரிக்கையும் பிரபலமாகியிருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.