செதுக்கிய கோடுகளில் இருக்கும் கருப்பை விட்டுவையுங்கள்

கேள்வி: ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில் பழைய பொருள் கடை ஒன்றில் சுவர்க்கண்ணாடி வாங்கினேன். பியூட்டர் சட்டத்தில் கொடியும் பறவையும் செதுக்கியிருக்கிறார்கள். பின்னால் ‘டென்’ என்றும் ‘டி8’ (D8) என்றும் முத்திரை இருக்கிறது. சட்டம் மங்கிவிட்டது, கண்ணாடி ஓரத்தில் கரும்புள்ளிகள். புளி போட்டுத் துலக்கலாமா? கண்ணாடியை மாற்றிவிடலாமா?

பதில்: புளி வேண்டவே வேண்டாம். பியூட்டர் என்பது பெரும்பாலும் வெள்ளீயம்தான், கூடவே கொஞ்சம் ஆன்டிமனியும் செம்பும். நம் ஈயச்சொம்புக்கு நெருங்கிய உறவு. அதில் புளி ரசமே வைக்கிறோமே என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் சொம்பில் தேய்ந்து போவதற்குச் சித்திரம் இல்லை. உங்கள் சட்டத்தில் பறவையின் இறகைக் காட்டுவதே கோடுகளுக்குள் படிந்த கருப்புதான். பாலிஷ் போட்டால் மேல்பரப்பு பளபளக்கும். கோடுகள் வெளிறி, மென்மையான உலோகம் என்பதால் விளிம்புகளும் மழுங்கிவிடும். போன கருப்பு திரும்பி வர பல பத்தாண்டுகள் ஆகும்.

மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். பிசுக்கு இருந்தால், மிதமான சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். அவ்வளவு போதும்.

முத்திரையைப் பார்த்து எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ‘டென்’ என்றால் ஸ்வீடிய மொழியில் வெள்ளீயம். ‘டி8’ ஆண்டுக் குறியீடு, ஆண்டுக்கு ஓர் எழுத்து. ஸ்வீடனில் ‘ஏ8’ 1927-ல் தொடங்கி, ‘இசட்8’ 1950-ல் முடிகிறது. அந்தக் கணக்கில் உங்களுடையது 1930. ஸ்டாக்ஹோம் கண்காட்சி நடந்து, அலங்காரத்தை உதறிய எளிய வடிவங்கள் பேசப்பட்ட அதே ஆண்டு. கொடியும் பறவையும் அதற்கு முந்தைய இருபதுகளின் ரசனை. எஸ்ட்ரித் எரிக்சன் 1924-ல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ஸ்வென்ஸ்க்ட் டென் நிறுவனத்தின் பெயரிலும் இந்த ‘டென்’ வருகிறது. ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்து அவர்கள் செய்ததென்று முடிவுகட்ட வேண்டாம். வேறு பட்டறைகளும் பியூட்டர் வேலை செய்தன. செய்தவர் பெயரோ சின்னமோ பக்கத்தில் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் தேடுங்கள்.

அப்புறம் கரும்புள்ளிகள். பின்புற வெள்ளிப் பூச்சுக்கு ஓரத்தின் வழியாக ஈரம் போயிருக்கிறது. இதைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது, பரவாமல் தடுக்கலாம். துடைக்கும் திரவத்தைக் கண்ணாடி மேல் நேராகத் தெளிக்காதீர்கள், வழிந்து சட்டத்துக்குள் இறங்கும். துணியில் எடுத்துத் துடையுங்கள். குளியலறையில் மாட்ட வேண்டாம். கண்ணாடியை மாற்றுவதை நான் விரும்பவில்லை. முகம் தெரியாத அளவுக்குப் போனால் மட்டும், சட்ட வேலை தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள், பழையதைச் சுற்றிப் பத்திரமாக வையுங்கள்.

சட்டத்தில் விரிசல் இருந்தால் யாரையும் பற்றவைக்க விடாதீர்கள். சுத்த வெள்ளீயமே 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பற்றவைக்கும் சாதாரண சூட்டுக்கோல் பட்டாலே சட்டத்தில் ஓட்டை விழும்.