பழைய கார் வாக்ஸ், பாலிஷ், கோட்டிங்: எதைப் பூசலாம், எதைத் தூக்கிப் போடலாம்?

மூன்று வருடமாக அலமாரியில் கிடக்கும் வாக்ஸ், பாலிஷ், பாதி மீந்த செராமிக் கோட்டிங் (பெயிண்டின் மேல் இறுகி நிற்கும் பாதுகாப்புப் பூச்சு) எல்லாம் இன்னும் உதவுமா, டப்பாவில் காலாவதித் தேதியே இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். தேதி கிடக்கட்டும். அந்தப் பொருள் கெட்டுப் போயிருந்தால் என்ன ஆகும் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பழைய வாக்ஸ் கெட்டிருந்தால் தோள்பட்டை வலிதான் மிச்சம். கோட்டிங்கோ, கீறலைத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்டோ காய்ந்து கெட்டிருந்தால் அடி வாங்குவது பெயிண்ட்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை கார் முழுக்கக் கோட்டிங் போட்ட பிறகு பாட்டிலில் கால்வாசி மீந்தது. மூடியை இறுக்கி வைத்துவிட்டு, ஏழெட்டு மாதம் கழித்து பானெட்டுக்கு மட்டும் இன்னொரு பூச்சு போடலாமே என்று எடுத்தேன். பாட்டிலின் கழுத்தில் சர்க்கரை மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு, உள்ளே திரவமாகத்தானே இருக்கிறது என்று தைரியமாகப் பூசினேன். துடைக்கும்போதே துணி வழுக்காமல் இழுத்தது, அப்போதாவது நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் திட்டுத் திட்டாகக் கறை, நடுவில் மெல்லிய கீறல்கள். அது இறுகிய பிறகு சோப்புத் தண்ணீருக்கெல்லாம் அசையாது, பாலிஷ் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கால் பாட்டிலை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போனது, பெயிண்டின் மேல் நிறமில்லாமல் இருக்கும் பாதுகாப்புப் படலமான கிளியர் கோட்டும் கொஞ்சம் போனது. கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியை விட மெல்லியது. தேய்க்கத் தேய்க்கக் குறையுமே தவிர, திரும்ப வளராது.

காரணம் எளிது. சின்னக் கண்ணாடி பாட்டிலில் வரும் அசல் செராமிக் கோட்டிங் காற்றில் இருக்கும் ஈரத்தோடு வினைபுரிந்துதான் கெட்டியாகிறது. பெயிண்டின் மேல் நடக்க வேண்டிய அந்த வேலை, மூடியைத் திறந்த நிமிடமே பாட்டிலுக்குள்ளும் தொடங்கிவிடுகிறது. பாட்டில் எவ்வளவு காலியோ, உள்ளே அவ்வளவு காற்று. கழுத்தில் தெரிந்த அந்த வெள்ளைத் துகள்கள் ஏற்கெனவே இறுகிப்போன கோட்டிங்தான். உங்கள் பாதி பாட்டிலை யோசிக்காமல் கழித்துவிடுங்கள். திறக்காத பாட்டில் என்றால் தயாரிப்பாளர் சொல்லும் காலம் வரை நம்பலாம், திறந்தது என்றால் சில வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

வாக்ஸ் கதை வேறு. டப்பாவில் வரும் கெட்டி வாக்ஸில் முக்கியமாக இருப்பது கார்னௌபா, பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது. அந்த மெழுகு அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஓடிப்போவது அதை இளக்கி வைத்திருக்கும் கரைப்பான்தான். அதனால்தான் பழைய டப்பாவில் வாக்ஸ் சுருங்கி, ஓரம் விட்டு, வயல் வெடித்த மாதிரி விரிசல் விட்டிருக்கும். பார்க்கத்தான் அசிங்கம். பூச வருகிறது, சமமாகப் பரவுகிறது, துடைத்தால் போகிறது என்றால் தாராளமாகப் போடலாம். இளக்குகிறேன் என்று அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள், அந்தக் கரைப்பான் தீப்பற்றக் கூடியது.

திரவ பாலிஷ், காம்பவுண்ட் இரண்டிலும் அடியில் மாவு மாதிரி படிவது இயல்பு, தேய்ப்பான் துகள்கள்தான் அவை. நன்றாகக் குலுக்கி, ஒரு சொட்டை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் சரி. மணல் மாதிரி நெருடினால் துகள்கள் காய்ந்து கட்டியாகியிருக்கின்றன, கீறலை எடுக்கப் போய்ப் புதுக் கீறல் போடும். பெரும்பாலும் மூடி ஓரத்தில் காய்ந்ததுதான் உள்ளே விழுகிறது, ஒவ்வொரு முறையும் கழுத்தைத் துடைத்துவிட்டு மூடினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஸ்ப்ரே வாக்ஸ் மாதிரி தண்ணீரில் கலந்த பொருள்கள் பிரிந்து நிற்கலாம். குலுக்கியதும் ஒன்று சேர்ந்து, பத்து நிமிடம் அப்படியே நின்றால் கவலையில்லை. திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாக நின்றால் அது போய்விட்டது, ஒருமுறை உறைந்து உருகினாலும் இப்படி ஆகலாம். ஷாம்பூவில், தண்ணீர் கலந்து வைத்ததுதான் நாறும். கலக்கும்போது அதில் இருக்கும் கிருமித் தடுப்பும் நீர்த்துப் போகிறது. இரும்புத் துகளை ஊதா நிறமாக்கிக் கழுவும் திரவத்தை மட்டும் நாற்றத்தை வைத்து எடைபோட வேண்டாம், அது புதிதிலேயே அழுகிய முட்டை மாதிரிதான். சக்கரத்தில் அடித்தும் நிறம் வரவே இல்லை என்றால் வீரியம் போயிருக்கலாம், அல்லது உங்கள் சக்கரம் உண்மையிலேயே சுத்தமாக இருக்கலாம்!

டப்பாவில் போட்டிருக்கும் வாக்குறுதிகளை நம்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாதி நம்பலாம். 9ஹெச் கடினம் என்று பெரிதாகப் போடுவார்களே, அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கல், வைரம் எல்லாம் வரிசையாக நிற்கும் மோ அளவுகோலோடு அதற்குச் சம்பந்தமில்லை. மிகக் கடினமான பென்சில் கீறவில்லை என்று மட்டும்தான் அர்த்தம், சாவி கீறாது என்று இல்லை. தண்ணீர் முத்து முத்தாக நிற்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். மேலே அழுக்குப் படலம் இருந்தால் நல்ல கோட்டிங்கிலும் முத்து நிற்காது, ஒருமுறை நன்றாகக் கழுவினால் திரும்ப வரும். பலர் அதற்குள் கோட்டிங் போய்விட்டது என்று முடிவுகட்டி, புதிதாக வாங்கிவிடுகிறார்கள்.

வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை, வெயிலில் நிற்கும் கார் டிக்கியைப் போல மோசமான இடம் வேறு இல்லை. மீந்ததை ஒருபோதும் பாட்டிலுக்குள் திரும்ப ஊற்றாதீர்கள். திறந்த தேதியை மார்க்கரால் எழுதிவிடுங்கள், நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

எதுவானாலும் முதலில் கதவின் கீழ்ப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்குப் போட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். அப்புறம், கோட்டிங் துடைத்த மைக்ரோஃபைபர் துணியைத் துவைத்து மறுபடி காரில் வைக்காதீர்கள். காய்ந்த பிறகு அது துணி இல்லை, உப்புத்தாள்.